இப்போது இந்தப் பக்கத்தில்

மேலிருந்து கீழாக ஒரு நீலம் இறங்குகிறது, மெதுவாக, மொட்டைமாடியிலிருந்து யாரோ ஈரப்புடவையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தொங்கவிடுவதுபோல, முதலில் கரை, பிறகு ஒரு கதவின் மேல்சட்டம், பிறகு பாதிக் கதவு, அங்கே நின்றுவிடுகிறது, நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கிறேன், இந்த நேரம் பார்த்து யாராவது தொலைபேசியில் கூப்பிட்டால் இணைப்பு அறுந்துபோகும், கூப்பிடாதிருக்க வேண்டும் மாதாவே என்று சொல்லிக்கொள்கிறேன், மஸ்கட்டில் ரூவி கடைத்தெருவுக்குப் பின்னால் மூன்றாவது மாடி வீடு அது, கணினிப் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறேன், ஏசி உறுமுகிறது, ஜன்னலுக்கு வெளியே வெயில் வெள்ளையாக நிற்கிறது, என் வீட்டுக்காரர் ராயப்பன் துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டப் போயிருக்கிறார், மகன் கிளிட்டஸ் பள்ளிக்கூடத்தில், பகல் முழுவதும் எனக்கு வாய் திறந்து பேச ஆளில்லை, பாதிக் கதவு முழுக் கதவாகி அதன் கீழே தென்வாசல் என்ற எழுத்து வந்து நிற்கும்போது, ஊரில் பஸ்ஸைவிட்டு இறங்கியதும் முகத்தில் வந்து அப்பும் உப்புக்காற்று மாதிரி ஏதோ ஒன்று என்னைத் தொடும், இல்லை, இது அந்த வீடு இல்லை, இப்போது நான் தூத்துக்குடியில் என் வீட்டு அடுப்படியில் நிற்கிறேன், கையில் இருப்பது கைபேசி, அடுப்பில் பால் இருக்கிறது, ஆனாலும் நீலம் அதே மெதுவில்தான் இறங்குகிறது, இத்தனை வருடம் கழித்தும் அந்த இணையத்தளத்துக்கு அவசரம் என்று ஒன்று வரவேயில்லை.

அந்தக் காலத்தில் தென்வாசலுக்குள் எல்லாம் இருந்தது, செய்தி, ராசிபலன், பிள்ளைகளுக்குப் பேர் வைக்க ஒரு பகுதி, சமையல், எல்லாவற்றையும் தாண்டி உள்ளே போனால் மன்றம் என்று ஓர் இடம், அங்கேதான் நாங்கள் எழுதி எழுதிப் பேசிக்கொள்வோம், யாருக்கும் சொந்தப் பேர் கிடையாது, நான் முத்துச்சிப்பி, மலேசியாவில் ஈப்போவில் கடை வைத்திருந்த ராவுத்தர் அண்ணன் கப்பல்காரர், இன்னொருத்தி சுண்டைவற்றல் என்று பேர் வைத்துக்கொண்டு வந்தாள், நான் சுறாப்புட்டு செய்யும் விதம் எழுதிய அன்றைக்குத்தான் முதல்முதலாக அவள் குரல் கேட்டது, அக்கா, எங்கூருக்கும் கடலுக்கும் ரொம்ப தூரமுங்க, சுறாவுக்குப் பதிலாக் கோழி போட்டா ஆகுமுங்களா என்று கேட்டாள், கோழியைப் போட்டா அது கோழிப்புட்டுல்லா தாயி என்று நான் எழுத, பேரு எதா இருந்தா என்னங்க, பசிக்கற வாய்க்குப் புட்டுதானுங்க முக்கியம் என்று அவள் எழுத, கப்பல்காரர் நடுவில் புகுந்து, ரெண்டு பேரும் சண்டையை நிறுத்திட்டு ஆளுக்கு ஒரு தட்டு எனக்கு வைங்கம்மா என்று எழுத, வேலைவிட்டு வந்த ராயப்பன் நான் தனியாகச் சிரிப்பதைப் பார்த்து, என்னட்டி, பொட்டியப் பாத்துச் சிரிக்க, வெயிலு தலைக்கு ஏறிட்டா என்றார், அவருக்கு எப்படிச் சொல்வது, முகம் தெரியாத ஒருத்தி கோழியில் சுறாப்புட்டு செய்யப்போகிறாள் என்பதில் என் பகல் முழுவதும் நிறைந்துபோனதை, மறுநாள் அவள் வந்து, செஞ்சு பார்த்தனுங்க, வீட்டுல எல்லாரும் சுறா ரொம்ப நல்லாருக்குதுன்னு சொன்னாங்க என்று எழுதினாள், அவளுக்கு என்ன வயது, எந்த ஊர், எதுவும் தெரியாது, அவள் பேச்சில் கொங்குச் சீமை இருந்தது, அவ்வளவுதான் தெரியும்.

மன்றத்தின் கடைசியில், யாரும் தற்செயலாகப் போய்ச் சேர முடியாத ஒரு மூலையில், வேண்டுதல் பக்கம் இருந்தது, அதைத் தொடங்கியவர் ராவுத்தர் அண்ணன், அவர் அதற்கு வைத்த சட்டம் வேறெங்கும் நான் பார்க்காதது, யாருக்காக வேண்டிக்கொள்ள வேண்டுமோ அவருடைய பேரை மட்டும் எழுத வேண்டும், என்ன நோய், என்ன கஷ்டம் என்று எழுதக்கூடாது, யாரும் கேட்கவும் கூடாது, ஊர் கூடாது, தொலைபேசி எண் கூடாது, ஒருதடவை எவனோ ஒருவன் நல்லவன்போல உள்ளே வந்து பெண்களின் எண்களை வாங்கிக்கொண்டு படுத்திய பாட்டுக்குப் பிறகு அண்ணன் அந்தச் சட்டத்தைக் கல்லாக்கிவிட்டார், படைச்சவனுக்குப் பேரு போதும்மா, விவரமெல்லாம் அவன்கிட்ட முன்னாடியே இருக்கு என்பார், பேரைப் படித்தவர்கள் அவரவர் முறையில் அதைக் கடவுளிடம் சொல்ல வேண்டும், அவர் தொழுகையில், நான் செபமாலையில், சுண்டைவற்றல் விடியக்காலையில் விளக்கு வைக்கும்போது, சொன்ன பிறகுதான் வந்து சொல்லியாச்சு என்ற ஒற்றை வார்த்தையை எழுத வேண்டும், சொல்லாமல் எழுதினால் அது பொய்ச்சாட்சி, யாரும் அதில் ஏமாற்றியதில்லை என்றே நம்புகிறேன், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காத இடத்தில் அப்படி ஒரு நேர்மை எப்படிக் குடிவந்தது என்று இன்றைக்கும் தெரியவில்லை, கிளிட்டஸுக்குக் காய்ச்சல் வந்து மூளையில் ஏறிவிட்டதோ என்று மருத்துவர்கள் எங்கள் கண்ணைப் பார்க்காமல் பேசிக்கொண்ட அன்று, மாற்றுத்துணி எடுக்க வீட்டுக்கு வந்தவள் கணினியைத் திறந்து அவன் பேரை மட்டும் அடித்தேன், துணியை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டுத் திரும்பினால், சொல்லியாச்சு, சொல்லியாச்சும்மா, சொல்லியாச்சுங்க அக்கா, ஏலக்கூடத்தில் ஒரு கூடை மீனுக்கு நாலு பக்கமும் குரல் எழும்புவதுபோல ஒன்றின்மேல் ஒன்றாக ஏறி வருகின்றன, எந்த ஊரில் யார் எந்த வேலையைக் கீழே போட்டுவிட்டு என் பிள்ளையின் பேரைச் சொன்னார்களோ, பையை மடியில் வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்து அழுதேன், அழுத பிறகுதான் கால் தரையில் நின்றது, அவன் பிழைத்தது மருந்தாலா பேராலா என்று நான் பிரித்துப் பார்த்ததில்லை, கொடுத்தவர் ஒருவர், எந்தக் கை வழியாக வந்தால் என்ன.

யாரும் தென்வாசலை விட்டுவிட்டுப் போகவில்லை, ஒருநாள் வர முடியாமல் போகிறது, மறுநாள் வராமலிருப்பது கொஞ்சம் சுலபமாக இருக்கிறது, அப்படித்தான் நடந்தது, நாங்கள் ஊருக்குத் திரும்பினோம், வீடு கட்டினோம், கைக்குள் கைபேசி வந்தது, குடும்பத்துக்கு ஒரு குழு, தெருவுக்கு ஒரு குழு, கோயில் மாதர் சங்கத்துக்கு ஒரு குழு, காலையில் கண்விழித்தால் பூவும் சூரியனும் போட்ட வணக்கங்கள் குவிந்து கிடக்கின்றன, எதையும் அனுப்பலாம், எதற்கும் கைகூப்பலாம், சொல்லிவிட்டுத்தான் எழுத வேண்டும் என்று சட்டம் இல்லை, எப்போதாவது தென்வாசலை எட்டிப் பார்ப்பேன், ஒவ்வொரு தடவையும் ஓர் அறை பூட்டியிருக்கும், செய்தி ஏதோ ஒரு தேர்தலோடு நின்றுபோனது, சமையல் பகுதியில் படங்கள் இருந்த இடத்தில் வெறும் கட்டங்கள், நீலக் கதவின்மேல் சீட்டாட்ட விளம்பரம் ஒன்று மினுக்கிக்கொண்டிருந்தது, பழைய பக்கங்களைத் திறந்தால் தமிழே இல்லை, நாங்கள் அப்போது ஒரு தனி எழுத்துருவை இறக்கி வைத்துக்கொண்டு எழுதினோம், அது இல்லாத கைபேசியில் எங்கள் சிரிப்பும் சண்டையும் கோழி கிளறிய மண்ணாகத் தெரிந்தன, ராவுத்தர் அண்ணன் ஒரு நோன்புப் பெருநாளுக்குப் பிறகு வரவில்லை, அவர் மகன் வந்து அத்தாவின் பேரை மட்டும் எழுதினான், ஏன் என்று யாரும் கேட்கவில்லை, எங்கெங்கோ போயிருந்தவர்கள் எல்லாம் வந்து சொல்லியாச்சு என்று எழுதினார்கள், நாங்கள் எல்லோரும் கடைசியாகக் கூடியது அன்றுதான் என்று இப்போது தெரிகிறது, கடைசி என்பது எப்போதும் பிறகுதானே தெரிகிறது.

நேற்று ராத்திரி ஒரு கனவு, மீன் ஏலக்கூடத்தில் நிற்கிறேன், ஈரத்தரை, கூடைகள், ஆனால் மீன் இல்லை, கூடைகளில் ஆள்களின் பேர்கள் கிடக்கின்றன, எப்படி என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை, கனவில் அது பொருத்தமாகவே இருந்தது, முத்துச்சிப்பி அக்கா, முத்துச்சிப்பி அக்கா என்று கூட்டத்துக்குள்ளிருந்து யாரோ கூப்பிடுகிறார்கள், அந்தப் பேரில் என்னைக் கூப்பிட ஊரில் யாரும் இல்லை, இந்தா இருக்கேன் என்று சொல்ல வாயைத் திறக்கிறேன், வாய் நிறைய உப்பு, விழித்து எழுந்து வந்து பாலை அடுப்பில் வைத்துவிட்டுக் கைபேசியை எடுத்தேன், நீலம் இறங்கியது, அதற்கு மேலே ஒரு சிவப்புப் பட்டை புதிதாக இருந்தது, அன்பர்களே, இந்த மாதக் கடைசியுடன் எங்கள் சேவையை நிறுத்திக்கொள்கிறோம், இதுவரை தந்த ஆதரவுக்கு நன்றி, யார் எழுதியது என்று பேர் இல்லை, வேண்டுதல் பக்கத்துக்கு வழி மறந்திருக்குமோ என்று நினைத்தேன், விரல் தானாகப் போனது, தூசிதான் இருக்கும் என்று நினைத்த இடத்தில் இன்றைய தேதி இருந்தது.

சுண்டைவற்றல் இருந்தாள், அவளும் புது எழுத்துருவுக்கு மாறியிருந்தாள், தமிழ் தமிழாகவே தெரிந்தது, ஆயிஷாம்மா, சின்னராசு, டேவிட் வாத்தியார், கப்பல்காரரு அண்ணன் வீட்டுக்காரம்மா என்று வரிசையாகப் பேர்கள், அதற்குக் கீழே அவளே எழுதிய சொல்லியாச்சுங்க, நேற்றைக்கும் அப்படியே, போன மாதமும், போன வருடமும், விரலால் தள்ளத் தள்ள முடியவில்லை, எல்லோரும் எழுந்து போன பந்தியில் ஒருத்தி மட்டும் ஒவ்வோர் இலைக்கும் பரிமாறிக்கொண்டே போனதுபோல இருந்தது, எல்லா நாளிலும், சின்னராசுவுக்கு அடுத்து, கிளிட்டஸ் தம்பி என்று இருந்தது, அவன் பிழைத்துவிட்டான் என்று நான் அப்போதே எழுதியிருந்தேன், அவளும் படித்து மகிழ்ந்து எழுதியிருந்தாள், பிழைத்தால் என்ன, பேரை எதற்கு எடுக்க வேண்டும் என்று விட்டுவிட்டாள் போல, எம்மா, பாலு பொங்குது பாரு என்று கத்திக்கொண்டே கிளிட்டஸ் அடுப்படிக்குள் வந்தான், தாடியும் தொப்பையுமாக, அடுத்த மாதம் தகப்பனாகப் போகிறவன், நான் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன், என்னம்மா என்றான், ஒண்ணுமில்லய்யா என்றேன், பிறகுதான் அன்றைய பக்கத்தின் கடைசி வரிகளைப் படித்தேன், புதுசா ஒரு பேரு சேர்க்கறனுங்க, பழனாத்தாள், அது நானுங்க, இத்தனை வருசத்துல என் பேரைப் போட்டதில்லீங்க, வெள்ளிக்கிழமை காத்தால ஆஸ்பத்திரிக்குப் போறனுங்க, ஏன்னு சட்டப்படி சொல்லக்கூடாதுங்க, என் பேரை நானே சொல்லி நானே சொல்லியாச்சுன்னு எழுதிக்கிட்டா நல்லா இருக்காதுங்க, யாராச்சும் ஒருத்தரு இருந்தா எழுதுங்க, ஒருத்தரு போதுமுங்க, பயமா இருக்குதுங்க.

அன்று செவ்வாய்க்கிழமை, அடுப்பை அணைத்துவிட்டு அங்கேயே நின்று பழனாத்தாள், பழனாத்தாள் என்று சொன்னேன், மாதாவே, அவள் பேர் பழனாத்தாளாம், இப்போதுதான் எனக்கே தெரியும் என்றேன், சொல்லிவிட்டு, சொல்லியாச்சு என்று எழுதப் போனால் கடவுச்சொல்லைக் கேட்டது, கிளிட்டஸின் பிறந்தநாளைப் போட்டேன், தவறு, ராயப்பன் பேரைப் போட்டேன், தவறு, எனக்குத் தெரிந்த புனிதர்களை எல்லாம் போட்டுப் பார்த்தேன், மறந்துவிட்டதா என்று கேட்டது, ஆமாம் என்று தட்டினேன், உங்கள் மின்னஞ்சலுக்கு ஒரு குறியீடு அனுப்பியிருக்கிறோம் என்றது, எந்த மின்னஞ்சல், கிளிட்டஸ் உட்கார்ந்து பார்த்தான், எம்மா, இது மஸ்கட்ல போன் லைனோட குடுத்த முகவரில்லா, லைன வெட்டுன அன்னைக்கே அது செத்துப்போச்சு, அதுக்கு அனுப்புறது கடல்ல போட்ட மாதிரி என்றான், அப்ப புதுசா என்னச் சேத்துவுடு என்றேன், புதிய உறுப்பினர் சேர்க்கை இல்லை என்று இருந்தது, நிர்வாகத்துக்கு எழுதினான், எழுதிய கடிதம் ஆள் இல்லை என்று அடுத்த நிமிடம் திரும்பி வந்தது, எவனும் பாக்கல எம்மா, மாசக் கடைசில கரண்ட்ட புடுங்குற வரைக்கும் அது பாட்டுக்கு ஓடும் என்றான், ராயப்பன் நாற்காலியில் இருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, ஏட்டி, ஆண்டவர்ட்ட சொல்லிட்டேல்லா, அப்புறம் எதுக்குக் கெடந்து துடிக்க, எழுதுனாத்தான் அவருக்குக் கேக்குமா என்றார், ஆண்டவருக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாண்டாமா என்றேன், அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், அன்று முழுவதும் குழாயடியில், கடையில், மீன் கழுவும்போது, சொல்லியாச்சு, சொல்லியாச்சு என்று வாய் சொல்லிக்கொண்டே இருந்தது, யாரிடம் சொல்கிறேன், கைபேசித் திரைக்கு அந்தப்புறம் ஒருத்தி கைநீட்டிக்கொண்டு நிற்கிறாள், இந்தப்புறம் என் கையும் நீண்டிருக்கிறது, கனவில் இருந்த அந்த உப்பு வாயைவிட்டுப் போகவில்லை.

புதன்கிழமை விடிந்ததும் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன், அவள் வந்தாள், எல்லாப் பேரையும் எழுதினாள், சொல்லியாச்சுங்க என்று எழுதினாள், தன் பேருக்கு மட்டும் எழுதவில்லை, பிறகு, ஏனுங்க, அடியில பொடி எழுத்துல பார்க்கறனுங்க, உறுப்பினர் ஒண்ணு, விருந்தினர் ஒண்ணுன்னு காட்டுதுங்க, உறுப்பினரு நானு, விருந்தினரு யாருங்க என்று எழுதினாள், நான் பக்கத்தின் அடிக்குப் போய்ப் பார்த்தேன், இப்போது இந்தப் பக்கத்தில் என்று எறும்பு எழுத்தில் இருந்தது, இத்தனை வருடத்தில் அதைப் பார்த்ததே இல்லை, அந்த விருந்தினர் நான்தான், நாந்தான் தாயி, நாந்தான் என்று அடுப்படியில் நின்று சத்தமாகச் சொல்லிவிட்டேன், மருமகள் ஜெனோவா வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தாள், என்ன அத்த, யாரு என்றாள், என்னப் பாத்துட்டாட்டி, ஒண்ணுன்னு என்ன எண்ணிட்டா என்றேன், இரண்டு பேரும் குனிந்து திரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம், அடுத்த வரி வர வெகுநேரம் ஆனது, எங்க மருமவன்கிட்டக் கேட்டனுங்க, அது மனுசரு இல்லையாமுங்க, தேடற மெசினு ஒண்ணு எல்லாப் பக்கத்தையும் சும்மா வந்து பார்த்துட்டுப் போகுமாமுங்க, அத்தை நீங்க ஆளு இல்லாத ஊட்டுல பேசிக்கிட்டு இருக்கறீங்கன்னு சிரிக்கறாருங்க, சரிங்க, மெசினா இருந்தாலும் வந்தது வந்தீங்க, ஒரு வாய் தண்ணி குடிச்சுட்டுப் போங்க.

நான் மெசினு இல்லட்டி என்று சொல்லத்தான் முடிந்தது, ஜெனோவா என் முதுகைத் தடவினாள், வியாழக்கிழமை சுண்டைவற்றல் வந்து பேர்களை மட்டும் எழுதினாள், வேறு ஒன்றும் இல்லை, விருந்தினரைப் பற்றியும் கேட்கவில்லை, நான் பக்கத்தை மூடாமல் பகல் முழுவதும் கையில் வைத்திருந்தேன், கொஞ்சநேரம் தொடாமல் விட்டால் என்னை எண்ணுவதை நிறுத்திவிடுகிறது, அதனால் மீன் அரிந்த கையைத் துடைத்துத் துடைத்துத் தட்டிக்கொண்டே இருந்தேன், தட்டிக்கொண்டிருப்பது ஒரு மெசின் செய்யக்கூடிய வேலைதான் என்று தெரியாமல் இல்லை, சாயங்காலம் ஜெனோவாதான் சொன்னாள், அத்த, மெசினு ஒண்ணு வரும், சரி, ரெண்டு வரும், கூட்டமா வருமா, நம்ம எல்லாரும் தொறந்தா என்ன, வீட்டிலிருந்த எல்லாக் கைபேசியிலும் திறந்தோம், விருந்தினர் ஒன்று என்றே காட்டியது, கிளிட்டஸ் வேலைவிட்டு வந்து பார்த்துச் சிரித்தான், எல்லாம் நம்ம வீட்டு வைஃபைல்லா, எத்தன போன்ல தொறந்தாலும் ஒரே வாசல் வழியா வந்த ஒரே ஆளுன்னுதான் எண்ணும், அவங்கவங்க டேட்டாவுல தொறக்கணும், அதும் வேற வேற ஆளுக்க போனா இருக்கணும் என்றான், வேற வேற ஆளுக்கு எங்கட்டி போவேன் என்று நான் ஜெனோவாவைக் கேட்க, ராயப்பன் நாற்காலியில் இருந்தபடியே, நாளைக்கு மாசத்து முதல் வெள்ளில்லா, கோயில்ல ஆளுக்கா பஞ்சம் என்றார், அவர் பூசைக்கு வந்து எத்தனையோ காலம் ஆகிறது.

விடியற்காலைப் பூசையில் என் மனம் நிற்கவில்லை, கடவுள் மன்னிக்கட்டும், மன்றாட்டு நேரத்தில் பழனாத்தாளுக்காக என்று நான் சொன்னதும் பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள், எங்கள் கோயிலில் கேட்டிராத பேர், பூசை முடிந்து முற்றத்தில் இறங்கியதும் மாதர் சங்கத்துப் பெண்களைப் பிடித்து நிறுத்தினேன், போனை எடுங்க, டேட்டாவப் போடுங்க, நான் சொல்லுதத தொறங்க, பிலோமி சிரித்தாள், எதுக்கு எக்கா, லோன் எதும் குடுக்காகளா, இல்லட்டி, ஒருத்திக்கு ஆஸ்பத்திரி, யாருக்கு, பழனாத்தாளுக்கு, யாரு அது, உங்க வீட்டு ஆளா, நானே பாத்ததில்லட்டி, என்ன சீக்கு, கேக்கக் கூடாது, பிலோமி என்னைக் கொஞ்சநேரம் பார்த்தாள், பிறகு கைப்பையிலிருந்து கைபேசியை எடுத்தாள், அதைப் பார்த்து அடுத்தவள் எடுத்தாள், உபதேசியார் தஸ்நேவிஸ் தன்னிடம் இரண்டு கைபேசி இருப்பதை அன்றைக்குத்தான் ஊருக்குக் காட்டினார், எவடே அந்த ரெண்டாவது நம்பரு, உங்க வீட்டுல தெரியுமா என்று யாரோ கேட்க ஒரே சிரிப்பு, ராயப்பன் முற்றத்துச் சுவரோரம் தள்ளி நின்று கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு தன் கைபேசியைத் தடவிக்கொண்டிருந்தார், கிளிட்டஸ் ஒவ்வொருவரிடமும் போய் வழி காட்டினான், அந்த விளம்பரத்தத் தொட்டுராதீங்க, சீட்டாடப் போயிருவீங்க, நான் என் கைபேசியைப் பார்த்தேன், உறுப்பினர் ஒன்று, அவள் இருந்தாள், கிளம்பவில்லை, விருந்தினர் ஒன்று, அப்புறம் மூன்று, அப்புறம் அது ஏற ஆரம்பித்தது.

அவள் எழுதவில்லை, பார்க்கவில்லையோ, ஆஸ்பத்திரிக்குப் பை கட்டிக்கொண்டிருப்பாளோ, பக்கத்தைத் திறந்து வைத்துவிட்டுக் குளிக்கப் போயிருப்பாளோ, நான் முற்றத்து மணலில் நிற்கிறேனா ரூவி வீட்டில் துணிப்பையோடு உட்கார்ந்திருக்கிறேனா என்று ஒருகணம் தெரியவில்லை, பிறகு எழுத்து வந்தது, எல்லாக் கைபேசியிலும் ஒவ்வொருவராகத் தட்டத் தட்ட அதே எழுத்து வந்தது, ஏனுங்க, இதென்னங்க இத்தனை விருந்தினரு, பதினாலுன்னு காட்டுதுங்க, பிலோமி அதைச் சத்தமாக வாசித்தாள், எல்லோரும் கிட்டே வந்தார்கள், மருமவனைக் கூப்பிட்டுக் காட்டினனுங்க, மெசினு இப்படிக் கூட்டமா வராதுன்னு சொல்றாருங்க, யாருங்க நீங்க எல்லாம், கேக்கக்கூடாதுதானுங்க, கேக்கலீங்க, ஆனா ஒரே ஒருத்தரு ஒரு வார்த்தை எழுதக்கூடாதுங்களா என்று இருந்தது, பிலோமி தன் கைபேசியில் எழுதும் இடத்தைத் தேடித் தட்டினாள், கடவுச்சொல் என்றது, உபதேசியார் இரண்டு கையிலும் தட்டிப் பார்த்தார், எல்லா விரலும் போய் அந்தப் பூட்டில் முட்டிக்கொண்டு நின்றன, இத்தனை வாய், இத்தனை கை, வீட்டுக்குப் போனால் ஓயாமல் பேசுகிறவர்கள், ஒரு சொல்லை ஒருத்தியிடம் சேர்க்க முடியாமல் நிற்கிறோம், பாவம்ட்டி, காத்துக்கிட்டு இருக்காளே என்று ஒருத்தி சொன்னாள், அவளுக்கும் பழனாத்தாள் யாரென்று தெரியாது, காத்திருந்தோம், அவளும் காத்திருந்தாள், பிறகு, சரிங்க, எழுத முடியலையாட்ட இருக்குதுங்க, பரவால்லீங்க, வந்தீங்களே, எண்ணிக்கையைப் பார்த்துட்டனுங்க, வண்டி வந்து நிக்குதுங்க, போயிட்டு வாரனுங்க என்று எழுதினாள், கொஞ்சநேரத்தில் உறுப்பினர் என்ற சொல்லுக்கு எதிரே பூஜ்யம் வந்தது.

அவள் நல்லபடியாகத் திரும்பி வருவாளா, வந்து பார்க்கும்போது இந்தப் பக்கம் இருக்குமா, எனக்குத் தெரியப்போவதில்லை, மாதாவுக்குத் தெரியும், வெயில் ஏறுகிறது, முற்றத்து மணலில் எல்லோரும் கைபேசி பிடித்த கையைத் தாழ்த்தாமல் நிற்கிறார்கள், போயிட்டாகளே எக்கா, இனி மூடிரலாமா என்று பிலோமி தாழ்ந்த குரலில் கேட்கிறாள், சுவரோரம் நின்ற ராயப்பன்தான், இருங்கடே, வண்டியில போற வழியில மருமவன் போன்ல எடுத்துப் பாத்தாலும் பாப்பா, ஆளு இல்லன்னு காட்டிறக் கூடாது என்கிறார், சொல்லிவிட்டு மங்கிப்போன தன் திரையை விரலால் தட்டுகிறார், அவரைப் பார்த்து பிலோமி தட்டுகிறாள், உபதேசியார் இரண்டையும் தட்டுகிறார், எல்லோருடைய உள்ளங்கையிலும், அதே மெதுவில், நீலம் மேலிருந்து இறங்கத் தொடங்குகிறது.